முன்கண்ணாடியில் ஒரு மழைப் பஞ்சாயத்து

ஜப்பானில் ஜூன் மாதம் என்றால் மழை. 'ட்ஸுயு' என்று அந்த மழைக்காலத்துக்குத் தனிப் பெயரே உண்டு. வடக்கே இருக்கிற ஹொக்கைடோவை விட்டுவிட்டால், ஜூலை பாதி வரைக்கும் ஏறக்குறைய நாடு முழுக்க நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும். அங்கே கார் சாமான் விற்கிற கடைக்குள் போனால், கண்ணாடியில் தண்ணீர் ஒட்டாமல் செய்கிற திரவங்களுக்கென்றே தனி அலமாரி இருக்கும். அதில் ரொம்பப் பிரபலமானது ஒசாகாவைச் சேர்ந்த சாஃப்ட்99 கம்பெனியின் 'கிளாகோ'. பாட்டிலின் தலையிலேயே ஒரு ஃபெல்ட் பட்டை வைத்திருப்பார்கள். கண்ணாடி முழுக்கத் தேய்க்க வேண்டியது, கொஞ்ச நேரம் காய விட வேண்டியது, ஈரத்துணியால் துடைக்க வேண்டியது. அவ்வளவுதான். அடுத்த மழைக்குத் துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

சரி, இதில் பஞ்சாயத்து எங்கே வந்தது?

அதே ஜப்பானின் சுபாரு கம்பெனி, 'ஐசைட்' என்கிற கேமரா சிஸ்டம் வைத்த கார்களின் மேனுவலில் நேர் எதிராக எழுதி வைத்திருக்கிறது. முன்கண்ணாடியில் கோட்டிங் சமாச்சாரம் எதையும் பூசாதீர்கள், பூசினால் சிஸ்டம் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம் என்பது அதன் சாரம். ஒரே நாடு, ஒரே மழை, ஒரே கண்ணாடி. பாட்டில் 'பூசு' என்கிறது, புத்தகம் 'பூசாதே' என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் வண்டி ஓட்டுகிறவர்.

இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். முதல் கட்சி, "கம்பெனிக்காரன் அப்படித்தான் எழுதுவான், நாளைக்கு ஒன்று ஆனால் தப்பித்துக்கொள்ள வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுப் பூசிவிடும். இரண்டாவது கட்சி, "புத்தகத்தில் போட்டிருக்கிறான், அப்பீலே கிடையாது" என்று பாட்டிலைத் தொடவே தொடாது. இரண்டு கட்சிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. அந்த எச்சரிக்கை ஏன் எழுதப்பட்டது என்று இருவருமே கேட்கவில்லை :-)

கேட்டுப் பார்த்தால் விஷயம் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது.

முதலில் இந்தத் திரவம் செய்கிற வேலை. 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். தாமரை இலையில் விழுந்த துளி இலையோடு ஒட்டாமல் உருண்டு நிற்கும். துளியின் ஓரம் பரப்போடு சேர்கிற இடத்தில் உண்டாகிற கோணத்தை வைத்து இதை அளப்பார்கள். தாமரை இலையில் அந்தக் கோணம் 150 டிகிரிக்கும் மேலே. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் மெழுகும் சேர்ந்து செய்கிற வேலை இது என்று ஜெர்மனியின் பார்ட்லாட், நைன்ஹூஸ் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 1997இல் விளக்கமாக எழுதினார்கள்.

கண்ணாடி இதற்கு நேர் எதிர்க் குணம் கொண்டது. அதன் மேற்பரப்பில் சிலிக்கனோடு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொக்கிகள் நிறைய இருக்கின்றன. தண்ணீரைக் கண்டால் அவை பிடித்து இழுத்துக்கொள்ளும். அதனால் சுத்தமான கண்ணாடியில் துளி தட்டையாகப் படர்ந்துவிடும். நிஜக் காரில் கண்ணாடி அவ்வளவு சுத்தமாகவும் இருப்பதில்லை. புகை, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். ஓரிடத்தில் தண்ணீர் படரும், பக்கத்திலேயே குழம்பும். ராத்திரி எதிர் வண்டியின் ஹெட்லைட் அதில் பட்டுச் சிதறும்போது ரோடே தெரியாது.

1970களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ரெயின்-எக்ஸ்' போன்ற திரவங்களின் தந்திரம், அந்தக் கொக்கிகளில் வேறொன்றை மாட்டிவிடுவது. ஆல்கஹாலில் கலந்த சிலிகோன், கொஞ்சம் அமிலத்தின் உதவியோடு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மேலே தண்ணீர் பிடிக்காத முனைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துளியின் கோணம் 100, 110 டிகிரிக்கு ஏறிவிடும். தாமரை இலை அளவுக்கு இல்லாவிட்டாலும், வண்டி சுமார் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் எதிர்க்காற்றே துளிகளை மேலே தள்ளிக்கொண்டு போக அது போதும். ஃப்ளூரின் கலந்த வகைகளும் உண்டு. அவை இன்னும் நாள்பட உழைக்கும்.

இதெல்லாம் வெறும் விளம்பரக் கதையா என்றால், இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையம் 1997இல் இதைச் சோதித்தது. செயற்கை மழையில், கோட்டிங் போட்ட கண்ணாடி வழியாகவும் போடாத கண்ணாடி வழியாகவும் ஆட்களைப் பார்க்க வைத்தார்கள். கோட்டிங் இருந்தபோது பார்வைக் கூர்மை தெளிவாகவே கூடியது. ஒரு சின்னப் பொருளைக் கண்டுபிடிக்க ஆன நேரம் ஒரு நொடிக்கும் மேல் குறைந்தது.

ஒரு நொடிதானே என்று தோன்றலாம். 80 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால் கிடைக்கிற அந்த 22 மீட்டரில் ஒரு உயிர் மிஞ்சலாம். ஆக, பாட்டில் கட்சிக்காரர்கள் சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. அவர்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது.

அப்படியென்றால் தயாரிப்பாளர்களுக்கு இந்த விஷயமே தெரியாதா? தெரியாமலா! தண்ணீர் ஒட்டாத கண்ணாடியை அவர்களே விற்கிறார்கள். டொயோட்டாவின் பல ஜப்பானிய மாடல்களில் முன்கதவுக் கண்ணாடி தண்ணீர் விலக்கும் பூச்சோடுதான் ஃபாக்டரியிலிருந்து வருகிறது. கதவுக் கண்ணாடியில் வைப்பரும் இல்லை, கேமராவும் இல்லை. எதுவும் கெடாது, பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் தெளிவாகத் தெரியும். போடக்கூடாது என்று சொல்கிறவர்களே போட்டு விற்கிறார்கள், ஆனால் இடம் பார்த்துப் போடுகிறார்கள். இதைக் கவனித்தாலே பாதிப் பஞ்சாயத்து தீர்ந்துவிடும்.

விமானக் கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே. போயிங்கின் பழைய ஜெட் விமானங்களில் பைலட் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்கண்ணாடியில் மழை விலக்கும் திரவம் பீய்ச்சும். கூடவே ஒரு கண்டிப்பான விதி: காய்ந்த கண்ணாடியில் அழுத்தவே கூடாது. மழை கழுவிப் பரப்பிவிடாவிட்டால் அந்தத் திரவம் கண்ணாடியில் திரையாகப் படிந்து, இருக்கிற பார்வையையும் கெடுத்துவிடும். பார்வைக்காகவே வைத்த மருந்து, நேரம் தப்பினால் பார்வையைப் பிடுங்கிவிடும்! அந்தத் திரவத்தில் ஓசோன் படலத்தைக் கெடுக்கிற சிஎஃப்சி-113 இருந்தது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி 1996இலிருந்து வளர்ந்த நாடுகளில் அதன் தயாரிப்பு நின்றது. அதன்பின் கண்ணாடியிலேயே நிரந்தரமாகத் தண்ணீர் விலக்கும் பூச்சைப் போட்டுத் தர ஆரம்பித்தார்கள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. தண்ணீர் விலக்கும் பூச்சு தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எந்தக் கண்ணாடியில், எந்தச் சாதனத்தோடு, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் தயாரிப்பாளர்களின் எச்சரிக்கைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தால் மூன்று ரகம்.

முதல் ரகம், பொருளே கெட்டுப்போகும் என்கிற எச்சரிக்கை. பைக்குகளின் முன்தடுப்பு கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் அது பெரும்பாலும் பிளாஸ்டிக். கண்ணாடிக்கென்று செய்த திரவத்தில் இருக்கிற ஆல்கஹாலும் அமிலமும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. மயிரிழை மாதிரி வெடிப்பு விடும், மங்கிப்போகும். ரெயின்-எக்ஸே பிளாஸ்டிக்குக்குத் தனி பாட்டில் விற்கிறது. இந்த ரகத்தில் விவாதத்துக்கு இடமே இல்லை. மீறினால் நஷ்டம் நிச்சயம்.

இரண்டாவது ரகம், தொந்தரவு எச்சரிக்கை. இதன் கதாநாயகன் வைப்பர். ரப்பர் பிளேடு கண்ணாடி மேல் வழுக்கிப் போவதற்கு மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் எண்ணெய் மாதிரி உதவுகிறது. கோட்டிங் அந்தத் தண்ணீரை விரட்டிவிடுகிறது. ரப்பர் காய்ந்த இடத்தில் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு, 'டர்ர்ர்' என்று குதிக்கும். ஜப்பானியர்கள் இதை 'பிபிரி' என்பார்கள். பயத்தில் நடுங்குவதற்கான பேச்சுவழக்குச் சொல்லும் அதே வேரிலிருந்து வருவதுதான். கோட்டிங்குக்குப் பயந்து வைப்பர் நடுங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம் :-)

ஆட்டோமேட்டிக் கார் வாஷில் அடிக்கிற சூடான மெழுகு வைப்பரின் துடைக்கும் திறனைக் கெடுக்கும் என்று மஸ்டா மேனுவல்களில் இருக்கிற குறிப்பும் இந்த ரகம்தான். பழைய பிசுக்கைச் சுத்தமாக எடுக்காமல் பூசினாலும், ஓரிடத்தில் தடிமனாகவும் இன்னோரிடத்தில் மெலிதாகவும் பூசினாலும், தேய்ந்துபோன பிளேடை மாற்றாமல் விட்டாலும் நடுக்கம் கூடும். கொஞ்சம் உடம்பு வளைந்து வேலை பார்க்கிறவருக்கு இதில் பாதிக்கு மேல் சரிப்படுத்திவிட முடியும். இந்த எச்சரிக்கையை மீறுகிறவர் வாங்கிக்கொள்வது எரிச்சலைத்தான், ஆபத்தை அல்ல.

வாரண்டி பயமும் இங்கேதான் வந்து உட்காரும். "பாட்டிலைத் தொட்டாலே வாரண்டி போச்சு" என்று சொல்வோர் உண்டு. அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னுசன்-மாஸ் சட்டப்படி, வெளியில் வாங்கிய பொருளைப் பயன்படுத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பொருளால்தான் அந்தக் கோளாறு வந்தது என்றால் மட்டுமே மறுக்கலாம். மற்ற நாடுகளில் அந்தந்த ஊர்ச் சட்டம். எப்படியானாலும் முன்கண்ணாடி கோட்டிங்குக்காக இன்ஜின் வாரண்டி போகும் என்பது கட்டுக்கதை.

மூன்றாவது ரகம்தான் சிக்கலானது. இது சென்சார் எச்சரிக்கை.

இதில் சின்னது, மழை சென்சார். முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கிற சின்னப் பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி சாய்வாகக் கண்ணாடிக்குள் போகும். கண்ணாடி காய்ந்திருந்தால் ஒளி முழுசாகத் திரும்பி வந்துவிடும். வெளியே துளி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் ஒளி வெளியே கசிந்துவிடும். திரும்புகிற ஒளி எவ்வளவு குறைந்தது என்று பார்த்து வைப்பர் ஓடும். கோட்டிங் போட்டால் துளி படராமல் உருண்டு நிற்கும், காற்றில் ஓடியும்விடும். சென்சார் பழகிய கணக்கு மாறிப்போய், வைப்பர் தாமதமாக ஓடலாம், வேண்டாத நேரத்தில் ஓடலாம். மருந்து எளிது: ஆட்டோவை அணைத்துவிட்டுக் கையால் வைப்பரைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெரியது, கேமரா. சுபாரு 2008இல் ஐசைட்டைக் கொண்டுவந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால், உள்கண்ணாடிக்குப் பக்கத்தில், மனிதனின் இரண்டு கண்கள் மாதிரி இரண்டு கேமராக்கள். இரண்டு படத்தையும் ஒப்பிட்டு, முன்னால் போகிற வண்டி எவ்வளவு தூரம், குறுக்கே வருகிற ஆள் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும். தேவைப்பட்டால் தானே பிரேக் அடிக்கும்.

இந்த இரண்டு கண்களுக்கும் ஓட்டுகிறவரின் கண்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஓட்டுகிறவர் முன்கண்ணாடியிலிருந்து அரை மீட்டருக்கும் மேல் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஒரு துளி அவர் பார்வையில் ஒரு புள்ளி. தலையைக் கொஞ்சம் அசைத்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது தெரிந்துவிடும். விட்டுப்போனதை மூளை நிரப்பிக்கொள்ளும். கேமராவோ கண்ணாடியை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. தலையை அசைக்கவும் முடியாது. ஓட்டுகிறவருக்குக் கொசுவாகத் தெரிகிற துளி கேமராவுக்கு எருமை மாடு. உருண்டு திரண்ட துளி ஒரு குட்டி லென்ஸ் வேறு. பின்னால் இருக்கிற காட்சியை வளைத்து, தலைகீழாக்கிக் காட்டும். இடது கேமராவுக்கு முன் ஒரு மாதிரி, வலது கேமராவுக்கு முன் வேறு மாதிரி. இரண்டு படத்தையும் ஒப்பிட்டுத் தூரம் கணக்கிடுகிற சிஸ்டத்துக்கு இதைவிடத் தலைவலி வேண்டாம். அதற்குப் பிடித்தது வேறு: வைப்பர் ஒரு முறை துடைத்ததும் ஒரே சீராகப் படர்ந்து நிற்கிற மெல்லிய தண்ணீர்ப் படலம். மனிதக் கண்ணுக்கு முத்து பிடிக்கிறது, கேமராக் கண்ணுக்குப் படலம் பிடிக்கிறது. பஞ்சாயத்தின் மூலமே இதுதான்.

மேனுவல் எழுதியவர் பொய் சொல்லவில்லை. பாட்டில் எழுதியவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு கண்ணுக்காகப் பேசுகிறார்கள்.

இப்போது முதல் கட்சியின் வாதத்துக்கு மறுபடி வருவோம். "எனக்கு நன்றாகத் தெரிகிறது, கேமரா கிடக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால்? பழைய வண்டியில் சொன்னால் அது முழுக்க நியாயம். கேமரா இல்லாத காரில், மழை நாளில் நெடுஞ்சாலையில் போகிறவர் சுத்தமாகத் தேய்த்து ஒழுங்காகக் கோட்டிங் போடுவது நல்ல காரியமே. வைப்பர் நடுங்குமே என்று பயந்து அந்த 22 மீட்டரை விட்டுக்கொடுப்பதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

கேமரா இருக்கிற காரில் கதை வேறு. அந்த ஆட்டோ பிரேக் உள்ளே இருப்பவருக்காக மட்டும் வைத்ததில்லை. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவசரமாக ரோட்டைக் கடக்கிற ஒரு ஆளுக்காகவும் வைத்தது. அவர் பாட்டிலையும் படிக்கவில்லை, புத்தகத்தையும் படிக்கவில்லை. எந்தக் கட்சியிலும் அவர் இல்லை. மற்ற ரக எச்சரிக்கைகளை மீறினால் நஷ்டம் மீறியவருக்கு. இதை மீறினால் நஷ்டம் வேறொருவர் தலையிலும் விழலாம். "என் வண்டி, என் கண்ணாடி, என் இஷ்டம்" என்கிற வசனம் இந்த இடத்தில் செல்லாது.

இந்த ரக வண்டிகள் வேகமாகப் பெருகி வருகின்றன. ஜப்பானில் புதிதாக வருகிற உள்நாட்டுக் கார் மாடல்களுக்கு நவம்பர் 2021இலிருந்து தானியங்கி அவசர பிரேக் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜூலை 2024இலிருந்து புதிதாகப் பதிவாகிற எல்லாக் கார்களுக்கும் அது வேண்டும். கேமராவை முன்கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதுதான் பெரும்பாலோரின் வழி. நேற்றுவரை வாலிப வயோதிக அன்பர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பாட்டில், இனி வண்டி பார்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நடுவழி ஒன்றும் உண்டு. கேமராவுக்கு முன்னால் இருக்கிற பகுதியை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மீதிக் கண்ணாடிக்கு மட்டும் பூசுவது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு முத்து, கேமராக் கண்ணுக்குப் படலம். ரெண்டு பக்கமும் தாஜா பண்ணுகிற இந்த வழி கேட்க அழகாக இருக்கிறது, தர்க்கமும் இருக்கிறது. ஆனால் வைப்பர் ஒரு பக்கத்துச் சிலிகோனை இன்னொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்பதை மறந்துவிடக்கூடாது. பூசாதே என்று பொதுவாகச் சொன்ன மேனுவல், இப்படிப் பூசலாம் என்று அனுமதியும் தரவில்லை. இப்படிச் செய்கிறவர் மழையில் மீட்டர் போர்டில் வருகிற விளக்கைக் கவனிக்க வேண்டும். பார்வை சரியில்லை என்றால் ஐசைட் தற்காலிகமாக நின்றுகொண்டு அதை விளக்குப் போட்டுச் சொல்லிவிடும். கோட்டிங்குக்குப் பிறகு அந்த விளக்கு முன்னைவிட அடிக்கடி வந்தால், தீர்ப்பு வந்தாயிற்று. பூசியதைப் பாலிஷ் போட்டு எடுத்துவிட வேண்டியதுதான். விளக்கு வரவில்லை என்பதாலேயே எல்லாம் சரி என்றும் அர்த்தம் இல்லை. பிரேக் பிடிக்கிறதா என்று வண்டியை எதன் மேலாவது விட்டுப் பார்க்கிற வீரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் சுலபமான வழி பழைய வழிதான். முன்கண்ணாடியின் எண்ணெய்ப் பிசுக்கைக் கண்ணாடி பாலிஷால் சுத்தமாக எடுத்து, வைப்பர் ரப்பரைப் புதிதாக மாற்றினாலே மழையில் பாதிக் குழப்பம் போய்விடும். அதற்கு எந்தக் கம்பெனியும் ஆட்சேபம் சொல்லாது. பாட்டிலைப் பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு வைத்துக்கொள்ளலாம், அதைத்தானே தயாரிப்பாளர்களும் செய்கிறார்கள்.

மேனுவலில் 'கூடாது' என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே எடை கொண்டதில்லை. சில 'கூடாது' பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுகிறது, சில 'கூடாது' வைப்பரைக் காப்பாற்றுகிறது, சில 'கூடாது' ரோட்டில் நடந்து போகிறவரைக் காப்பாற்றுகிறது. எது எதுவென்று தெரிந்துகொண்ட பிறகு மீறுகிறவரை முரடர் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் மீறுகிறவரும், தெரிந்துகொள்ளாமல் கீழ்ப்படிகிறவரும், முன்கண்ணாடியைத் துடைக்காமலேயே வண்டியைக் கிளப்புகிறார்கள்.